காரையாற்றில் செல்லாத சட்டம்

மிகுபுனைவு எழுதுகிறவர்களிடம் சாமிகளைப் பற்றி இரண்டு சட்டங்கள் புழங்குகின்றன. கும்பிட ஆளில்லாமல் போனால் சாமி மெலிந்து மெலிந்து சாகும் என்பது ஒன்று. எதனுடைய உண்மைப் பெயரும் தெரிந்தவன் அதை ஆள்வான் என்பது மற்றொன்று. புதிய உலகம் ஒன்றைக் கட்ட உட்காரும் எழுத்தாளர், ஆறும் மலையும் அரச குலமும் வரைந்து முடித்த கையோடு, மறக்கப்பட்ட தெய்வம் ஒன்றையும் உச்சரிக்கக் கூடாத பெயர் ஒன்றையும் எடுத்து வைத்துவிடுகிறார். யார் போட்ட சட்டம், எந்த ஊரில் செல்லும் என்று கேட்பார் இல்லை. கேட்டுப் பார்க்க எனக்குத் தோதான இடம் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் சட்டத்தின் பிறப்பிடம். டெரி பிராட்செட்டின் 'ஸ்மால் காட்ஸ்' 1992இல் வந்தது. ஒரு பேரரசே ஓம் என்ற கடவுளின் பெயரால் ஆளப்படுகிறது. ஆனால் அந்தக் கடவுள் ஓர் ஆமையின் உடம்புக்குள் சுருங்கிக் கிடக்கிறார். அவரை மெய்யாக நம்புகிறவன் புரூத்தா என்ற ஒரே ஒரு இளம் துறவி. நீல் கெய்மனின் 'அமெரிக்கன் காட்ஸ்' 2001இல் வந்தது. குடியேறிகள் தங்களோடு கூட்டிவந்த பழைய தெய்வங்கள் அமெரிக்காவில் கைவிடப்பட்டு, சில்லறை மோசடியிலும் கூலி வேலையிலும் காலம் தள்ளுகின்றன. பெயர்ச் சட்டம் இவற்றைவிடப் பழையது. சூரியக் கடவுள் ராவைப் பாம்பு கடிக்க வைத்து, அவருடைய மறைபெயரை இசிஸ் கறந்துகொண்ட கதை எகிப்தில் உண்டு. அதற்கு நவீன இலக்கணம் எழுதியவர் உர்சுலா லெ குவின். 1968இல் வந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில் கல்லுக்கும் கடலுக்கும் ஆதிமொழியில் ஓர் உண்மைப் பெயர் இருக்கிறது. அதைப் படித்துத் தேர்வதுதான் அங்கே மந்திரக் கல்வி.

நான்குமே நல்ல கதைகள். நான் எடை போடுவது கதைச் சுவையை அல்ல, அடியில் கிடக்கும் சட்டத்தை.

என் ஊரான விக்கிரமசிங்கபுரத்தை வெளியூர்க்காரர்களுக்கு ஹார்வி மில் ஊர் என்று சொன்னால்தான் தெரியும். தமிழ் படித்தவர்களுக்கு அது மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர். ஊரை விட்டு மேற்கே ஏறினால் பாபநாசத்தில் உலகம்மை. இன்னும் மேலே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், காரையாற்றில் தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார். அந்த ஒரே வளாகத்தில் மகாலிங்கம், சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன், பிரம்மராட்சசி, பேச்சி, பட்டவராயன் என்று ஒரு நாட்டுக்குக் காணும் தெய்வங்கள். எந்த மிகுபுனைவு எழுத்தாளரும் இத்தனை பேரை ஒரே வளாகத்தில் அடைக்கத் துணிய மாட்டார். ஆடி அமாவாசைக்குக் கூடும் கூட்டம் இவர்களில் யாரைத் தேடி வருகிறது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

இந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு, முதல் சட்டத்தின் தலையில் நேராகக் கைவைக்கும் வழக்கம். திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போவார்கள். பிழைப்புக்கு ஊர் மாறி, இரண்டு தலைமுறை கடந்து, எந்த சாஸ்தா தங்களுடையது என்று தெரியாமல் போன குடும்பங்களும் ஏராளம். அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் வழி: சொரிமுத்தய்யனைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், அவரே குலதெய்வம். மறதி இங்கே தெய்வத்தின் நோயாகப் பார்க்கப்படவில்லை; மனிதனின் நோயாகப் பார்க்கப்படுகிறது. நினைவு தப்பிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு சாமி உட்கார்ந்திருக்கிறார். கெய்மனின் உலகத்தில் சாமி ஆள் தேடி அலைகிறார். காரையாற்றில் ஆள்தான் சாமியைத் தேடி அலைகிறான்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே தெளிவான விடை இருக்கிறது. வீட்டில் அடுத்தடுத்துச் சீக்கு, கல்யாணம் தட்டிப்போகிறது, குறி கேட்கப் போகிறார்கள். உன் பாட்டன் பீடம் போட்டுக் கும்பிட்ட சாமி கேட்பாரற்றுக் கிடக்கிறது, அது கோபமாக இருக்கிறது என்று குறி வரும். கும்பிடாமல் விட்ட சாமி இளைத்துப் போயிருக்கிறது என்று சாமியாடிக் குறி சொல்லும் எந்தக் கோமரத்தாடியும் சொல்ல நான் கேட்டதில்லை. மறக்க மறக்க அதற்கு உக்கிரம் ஏறுகிறது. படையல் பாக்கி வட்டியோடு நிற்கிறது.

இது நாட்டார் நம்பிக்கை மட்டும்தானா, ஏட்டில் ஏறாததா என்று கேட்கலாம். சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். மகனைக் காணாத துயரத்தில் சோழன் இந்திர விழாவை மறந்தான். விழா நின்றதால் இந்திரன் இளைக்கவில்லை. மணிமேகலா தெய்வத்தின் சாபத்தில் புகார் நகரம் கடலுக்குள் போனது. தமிழின் மிகப் பெரிய பழைய உலகக் கட்டுமானம் ஒன்றில், மறதிக்குத் தண்டனை ஊருக்கு.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். தெய்வங்கள் மறைந்துபோனது உண்மைதானே? தொல்காப்பியம் மருதத்துக்கு வேந்தனையும் நெய்தலுக்கு வருணனையும் சொல்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றோடு கீழே இறங்கினால் இரண்டு கரையிலும் மருதம்தான். வேந்தன் என்ற பெயரில் ஒரு பீடத்தை நான் பார்த்ததில்லை. இதே ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளும் இரும்பு ஆயுதங்களும் பொன் பட்டங்களும் வெண்கல உருவங்களும் குவியலாகக் கிடைத்தன. அந்த மனிதர்கள் யாரைக் கும்பிட்டார்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு ஒரு எழுத்துச் சான்றும் இல்லை. ஆக, சாமிகள் காணாமல் போவதுண்டு. அதை மறுத்தால் நான் பக்தி இலக்கியம் எழுதுகிறேன் என்று அர்த்தம்.

ஆனால் காணாமல் போவதற்கு மிகுபுனைவு சொல்லும் காரணம்தான் இடறுகிறது. நம்பிக்கை என்ற ஒன்றை மனசுக்குள் இருக்கும் எரிபொருள் போலவும், அது தீர்ந்தால் சாமி நின்றுவிடும் என்பது போலவும் அந்த நாவல்கள் கணக்குப் போடுகின்றன. இது சமயத்தை விசுவாசம் என்ற ஒற்றைச் சரடாகப் பார்த்துப் பழகிய சமூகத்தின் கணக்கு. இங்கே கோயில் கொடை விழாவுக்கு வரி கட்டுகிறவனிடம் உனக்கு நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. தலைக்கட்டு வரி, பங்கு, முறை, எந்த வீட்டுக்கு முதல் திருநீறு என்பவைதான் கேள்வி. நம்பாதவனும் வரி கட்டுவான். மகன் சென்னையில் பகுத்தறிவு பேசுவான், கொடைக்குப் பணம் அனுப்பிவிடுவான். தெய்வம் நிற்பது இந்த ஏற்பாட்டின் மேல்.

சான்று வேண்டுமானால் 2003ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை அன்றைய அரசு தூசி தட்டி எடுத்தது. மாடனின் பெயரை யாரும் தொடவில்லை, கும்பிடக் கூடாது என்றும் சொல்லவில்லை. படையலை மட்டும் தடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2004இல் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. பெயரும் நம்பிக்கையும் கைவசம் இருந்தும், அவை போதாது என்று மக்கள் சொன்னதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள முடியும். 1809இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் செத்த போல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கல்லறைக்குத் தென்கோடி மக்கள் பிராந்தியும் சுருட்டும் படைத்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் உண்டு. அந்த வெள்ளைக்காரனுடைய மதம், மொழி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அகாலத்தில் செத்தவன், அவனுக்குப் பிடித்தது இது, கொடுத்துவிடுவோம். அவ்வளவுதான்.

முதல் சட்டத்துக்கு என் முடிவு: இந்தப் பள்ளத்தாக்கில் அது செல்லாது. பிராட்செட்டுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

இரண்டாவது சட்டம் கொஞ்சம் கெட்டி. கொடையில் அருள் வந்து ஆடுகிறவரிடம், அல்லது பேய் பிடித்தவரிடம், முதலில் கேட்பது பெயரைத்தான். "ஏ, யாருப்பா நீ? பேரச் சொல்லு. என்ன வேணும்?" பெயர் வரும்வரை ஊர் பதறுகிறது. இன்னார், இந்த இடத்தில் வெட்டுப்பட்டேன் என்று சொன்ன மாத்திரத்தில் பதற்றம் இறங்கிப் பேரம் தொடங்குகிறது. நிலையம் போட்டுத் தருகிறோம், வருஷத்துக்கு ஒரு கிடா, சரியா என்று முடிகிறது. வில்லுப்பாட்டில் வரத்துப்பாட்டு ஏறும்போதும், கணியான் கூத்தில் மகுடம் அடித்துச் சுடலை மாடனின் கதையைச் சொல்லும்போதும், பெயர் விழும் இடத்தில்தான் சாமி இறங்குகிறது. லெ குவின் இதைப் பார்த்திருந்தால் தன் சட்டம் சரி என்றே நினைத்திருப்பார்.

அவர் பார்த்திருக்க முடியாத வேறு சில இடங்கள் இருக்கின்றன. நடுகல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதும் வழக்கம் சங்க காலத்திலேயே உண்டு. அந்த எழுத்துத் தேய்ந்து, வழிப்போக்கருக்குப் படிக்க முடியாமல் போன காட்சியும் அகநானூற்றில் வருகிறது. இதன் தொடர்ச்சியைத் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் கண்ணால் பார்க்கலாம். இரா. நாகசாமி போன்றவர்கள் 1970களில் செங்கம் வட்டாரத்தில் படித்து வெளியிட்ட நடுகற்களில், இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில் இன்னார் ஆநிரை மீட்டுப் பட்டார் என்று வட்டெழுத்தில் விவரமாக இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு வட்டெழுத்து தெரியாது. அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட கற்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் வேடியப்பன். சாமியின் உண்மைப் பெயர் சாமியின் உடம்பிலேயே செதுக்கப்பட்டிருக்க, ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அதை ஒருவரும் படிக்காமல் வேறு பெயரில் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். வேடியப்பனுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆய்வாளர் வந்து படித்துச் சொன்ன பிறகும் அவர் வேடியப்பன்தான்.

உச்சரிப்புப் பிசகினால் மந்திரம் பலிக்காது என்பது பெயர்ச் சட்டத்தின் கிளைவிதி. இதைச் சோதிக்கக் கடல் தாண்ட வேண்டும். 1838க்கும் 1917க்கும் இடையே ஒப்பந்தக் கூலிகளாகப் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனவர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் உண்டு. பேரப் பிள்ளைகளிடம் தமிழ் தங்கவில்லை. மாரியம்மாள் தங்கினாள், காட்டேரி தங்கினாள், மதுரை வீரனும் சங்கிலியும் தங்கினார்கள். முனீஸ்வரன் வாயில் உருண்டு உருண்டு 'முனீஸ்ப்ரென்' ஆகிவிட்டார். நாகூர் ஆண்டவர்கூட அந்த வரிசையில் ஒரு சாமியாக நிற்கிறார். ஆட்டமும் குறியும் படையலும் நடக்கின்றன. கெய்மனின் நாவல் எடுத்துக்கொண்ட அதே சூழ்நிலை: கப்பலேறிய தெய்வம், மொழி தொலைத்த வாரிசு. அவர் சொல்லும் முடிவு இங்கே கிடைக்கவில்லை. கூலிக் கொட்டடியில் இருந்தவனுக்குப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, பங்கு கொடுக்கத் தெரிந்திருந்தது. அவனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்படியானால் பெயருக்கு வலு இல்லையா? இருக்கிறது. அது ஒலியில் இல்லை. பெயர் வைக்கும் உரிமை யார் கையில் என்பதில் இருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் கும்பிடப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறையின் ஆய்வு சொல்ல, 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் புத்தர் சிலையாகவே நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. வரலாற்றுப்படி தீர்ப்பு சரி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரு மிகுபுனைவு எழுத்தாளர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. முன்பு ஒரு முறை புத்தரின் பெயர் பறிபோனது. இப்போது முனியப்பனின் பெயர் பறிபோகிறது. கல் அதே கல். இரண்டு தடவையும் கல்லை யாரும் கேட்கவில்லை, கும்பிட்டவர்களையும் பெரிதாகக் கேட்கவில்லை. லெ குவினின் மந்திரவாதி பெயரைக் கண்டுபிடிக்கிறான். நம் ஊரில் பெயர் விதிக்கப்படுகிறது.

நியாயமாகச் சொன்னால் லெ குவினுக்கு இது தெரிந்திருந்தது. 1971இல் நூலான 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' அதற்குச் சாட்சி. பெயரில்லாத இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரினி ஆக்க ஒரு சிறுமியைப் பிடித்து வந்து, டெனார் என்ற அவளது பெயரைப் பிடுங்கிவிட்டு, விழுங்கப்பட்டவள் என்று பொருள்படும் அர்ஹாவைச் சூட்டுகிறார்கள். பெயரைப் பிடுங்குவது மந்திரமல்ல, நிறுவனத்தின் வேலை என்று அந்த நாவலுக்குத் தெரியும். எர்த்சீ வரிசையின் முதல் நாவலைவிட இது பல படி மேல் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். நம்மவர்கள் நகல் எடுப்பதோ முதல் நாவலை.

பெயர் பிடுங்குவதைவிட நுட்பமான ஒன்று பெரிய பெயர் கொடுப்பது. இதில்தான் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு உலகத்துக்குச் சொல்லித்தர நிறைய வைத்திருக்கிறது. சொரிமுத்தய்யன் இன்று சபரிமலை ஐயப்பனின் ஆறு தலங்களில் முதலாவது என்றும், யோக மரபின் மூலாதாரத் தலம் என்றும் விளக்கப்படுகிறார். மாடன் என்று இருந்த பெயருக்குப் பின்னால் மகாராஜாவும் ஈஸ்வரனும் ஒட்டிக்கொள்கின்றன. வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதன் இயக்கத்தைப் பிடித்திருக்கிறார். கொலையுண்டு சாமியானவனின் வழிபாடு ஊர் எல்லையைத் தாண்டிப் பரவும்போது, கதையில் அவனுடைய சாவு பின்னுக்குப் போகிறது. கைலாயத்தில் பிறந்தான் என்ற பிறப்புக் கதை முன்னுக்கு வருகிறது. பெயர் பெருக்கப் பெருக்க, கொலை மறைகிறது. கொன்றவர்களும் மறைகிறார்கள், அதுதான் வசதி.

காரையாற்றுப் பட்டவராயனே உதாரணம். முத்துப்பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கும் பகடையின் மக்கள் பொம்மக்காள், திம்மக்காள் இருவரையும் மணந்து, அதற்காகத் தானும் செருப்புத் தைத்து, மாமனார் காவல் காத்த மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவன். இன்றும் அவனுக்கு நேர்ச்சை தோல் செருப்பு. நா. வானமாமலை பதிப்பித்த இந்தக் கதைக்கு வேறு வடிவங்களும் உண்டு. சிலவற்றில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று வரும். யாருக்கோ உறுத்தியிருக்கிறது, யாரோ திருத்தியிருக்கிறார்கள். பாட்டைத் திருத்தியவர்களால் செருப்பைத் திருத்த முடியவில்லை. கோயிலில் தொங்கும் ஒவ்வொரு சோடியும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கதையும் பெயரும் விலைபோன பிறகும் படையல் பொய் சொல்லாது என்பதை இதைவிடக் கச்சிதமாக எந்த நாவலும் காட்டவில்லை.

பெரிய பெயருக்குள் சிறிய பெயரைக் கரைப்பதற்குத் தத்துவத்திலும் இடம் செய்து வைத்திருக்கிறோம். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், நீ எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக வந்து அருள்பவன் சிவனே என்கிறது. மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், பிறக்கும், இறக்கும் என்கிறது. அந்த நூலுக்கு உரை கண்டவர்களில் எங்கள் ஊர்ச் சிவஞான முனிவரும் ஒருவர். பிராட்செட்டுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே சாகும் தெய்வங்கள் உண்டு என்பதையும், அவை சாவதற்குக் காரணம் பக்தர் குறைவு அல்ல, உயிர்களுக்குரிய வினை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தத்துவமாக இது விசாலமானது. யாருடைய கும்பிடும் வீணாவதில்லை. ஆனால் தூசி மாடனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், கடிதத்தின் மேல் எழுதிய விலாசம் என்ற தகுதிதான். கடிதம் போய்ச் சேர்வது வேறொருவருக்கு. இந்த மலையடிவாரத்தில் பிறந்த பேரறிஞரின் மரபுக்கும் மலைமேல் இருக்கும் மாடன்களுக்கும் நடுவே இருக்கும் இந்த இழுபறியை வைத்து ஒரு பெரிய நாவல் எழுதலாம். இன்னும் யாரும் எழுதவில்லை.

எழுதப்பட்டவற்றுக்கு வருவோம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் வந்தது. சென்னைத் தெருவில் இறங்கிவிட்ட கடவுளுக்கு அங்கே ஆடிப் பிழைக்கவும் வழியில்லை. கெய்மனுக்கு ஐம்பத்தெட்டு வருஷம் முந்திய கதை, கெய்மனைவிடக் கூர்மையும் அதிகம். பிள்ளைக்குக் கடவுள் மேல் சந்தேகமே கிடையாது, இருந்தும் பயனில்லை. நம்பிக்கை இருக்கிறது, இடம்தான் இல்லை என்ற அந்தப் பார்வை சரியானது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது பெரிய கடவுளை. சிறிய சாமிகளின் வழக்கு அதில் வரவில்லை.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் வந்தபோது தமிழில் இவ்வளவு பெரிய கற்பனை நகரம் அதற்கு முன் எழுப்பப்பட்டதில்லை. பாதம், மார்பு, முடி என்று மூன்று கருவறை தேவைப்படும் அளவுக்கு நீண்டு கிடக்கும் பேருரு. நகரம் அவரை விஷ்ணு என்கிறது. அவர் எங்கள் பெருமூப்பன் என்கிறார்கள் மலைக் குடிகளான செம்பர்கள். பெயர் விதிக்கப்படுகிறது என்ற உண்மையின் மேல்தான் மொத்த நாவலும் நிற்கிறது. அந்த வகையில் நான் மேலே எடை போட்ட ஆங்கில நாவல்கள் எல்லாவற்றையும்விட இதன் அடித்தளம் ஆழமானது. குறை வேறு இடத்தில். ஞானசபை விவாதங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் தரும் நாவல், செம்பர்கள் தங்கள் பெருமூப்பனுக்கு என்ன கொடுக்கிறார்கள், அவர் அவர்களிடம் என்ன கேட்கிறார் என்பதில் அந்த அளவு தங்குவதில்லை. பெயரைப் பறிகொடுத்தவர்களின் துக்கம் தத்துவ வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாக நின்றுவிடுகிறது. நகரத்தைப் பழிக்கும் நாவல் நகரத்தின் மொழியிலேயே பேசுகிறது என்பேன். அது திட்டமிட்ட வடிவம், காலச் சுழலில் எல்லாப் பெயர்களும் ஒருபோல அழியும் என்று காட்டுவதே நோக்கம் என்று வாதிடலாம். வாதம் சரிதான். எல்லாப் பெயர்களும் ஒருபோல அழிவதில்லை என்பதே என் மறுப்பு. எப்போதும் ஒரே தரப்பின் பெயர்தான் முதலில் அழிகிறது.

அதே ஆசிரியரின் 'மாடன் மோட்சம்' சிறுகதையில் இந்தக் குறை இல்லை. படையல் இல்லாமல் பசித்துக் கிடக்கும் மாடன், தன் பூசாரி அப்பியிடம் நாஞ்சில் நாட்டுப் பேச்சில் புலம்புகிறார். கடைசியில் கோயில் வருகிறது, மந்திரம் வருகிறது, மரியாதை வருகிறது. கிடாவும் சாராயமும் போய்விடுகின்றன. அப்பி வெளியே நிற்கிறார், மாடன் உள்ளே மாட்டிக்கொள்கிறார். முன்பு பிராட்செட்டுக்கு விலக்கு உண்டு என்றது இதை வைத்துத்தான். பெயர் ஊரெங்கும் கொடிகட்டிப் பறக்கும்போதே சாமி உள்ளே தொலைந்துபோகலாம் என்பதை 'ஸ்மால் காட்ஸ்' கண்டுகொண்டது. ஆனால் பிராட்செட்டின் ஆமை கடைசியில் தன் வலுவைத் திரும்பப் பெறுகிறது. மாடனுக்கு மீட்பு இல்லை, மோட்சம்தான் இருக்கிறது. சிறுகதையின் சில பக்கங்களில் மறதி, பெயர், படையல், பூசாரியின் சாதி நான்கும் ஒரே முடிச்சில் வந்து விழுகின்றன. மறக்கப்பட்ட தெய்வம் என்ற பொருளில் நான் படித்தவற்றுள் முதலிடம் இதற்கு. 'அட்டுவான்' இரண்டாவது. 'விஷ்ணுபுரம்' அளவால் பெரியது, இந்த ஒரு தராசில் மூன்றாவது. 'அமெரிக்கன் காட்ஸ்' சுவாரசியமான பயணக் கதை. தெய்வங்களைப் பற்றி அது சொல்வதை இந்தியத் துணைக்கண்டத்தில் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இனி எழுத வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் உலகத்தில் மறக்கப்பட்ட சாமி ஒன்றை வைப்பதற்கு முன், அதற்குக் கடைசியாகப் படையல் வைத்தவர் யார், எதைப் படைத்தார், ஏன் நின்றது, பெயரை மாற்றியவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று நான்கு வரி உங்களுக்காக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மொழி மாதிரித் தோன்றும் ஒரு பெயரைப் புனைந்து வைப்பதைவிட அது கடினம். முடிந்தால் ஓர் ஆடி அமாவாசைக்குக் காரையாறு வாருங்கள். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை தங்க விடுவது விழாவையொட்டிய சில நாள்கள் மட்டும். முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.